தட்டையான டெல்டாவுக்கு அடியில உடைஞ்சு கிடக்கற தரை

திருச்சி மலைக்கோட்டையில உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு கிழக்குப் பக்கமா திரும்பிப் பாருங்க. கிட்ட இருக்கற ஒண்ணு ரெண்டு சின்னக் குன்றைத் தாண்டிட்டா ஒண்ணுமே இருக்காது. காவிரி, கொள்ளிடம், தென்னை, வயல், அப்படியே கடல் வரைக்கும் தட்டை. மேற்கயும் வடக்கயும் பாத்தா அங்கங்க குன்று எட்டிப் பாக்கும், பச்சைமலை தெரியும், கிழக்க மட்டும் கிட்டத்தட்ட வழிச்சு விட்டிருக்கும். ஆனா நீங்க ஏறி நிக்கற அந்தப் பழம்பாறை வகை கிழக்கயும் இருக்கத்தான் செய்யுது. தரங்கம்பாடி பக்கத்துப் பள்ளத்துல அதைத் தொடணும்னா தரையில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் கீழ போகணும், அவ்வளவுதான் வித்தியாசம். 130 கிலோமீட்டர் தூரத்துக்குள்ள ஒரு பாறைத்தரை மலையாவும் நிக்குது, பாதாளத்துலயும் கிடக்குது, நடுவுல இருக்கற நம்ம ஜனம் அதுக்கு மேல நாத்து நட்டுட்டு இருக்கு.

நான் திருவாரூர் பக்கம். எங்க ஊர்ல கல்லுன்னா அது வெளியூர்ல இருந்து லாரியில வந்ததுதான், அம்மிக்கல்லுல இருந்து கோயில் படிக்கட்டு வரைக்கும். கிணறு தோண்டினா மணலு, களி, மறுபடி மணலு. யோசிச்சுப் பாருங்க, தஞ்சாவூர் பெரிய கோயிலை அத்தனை ஒசரத்துக்குக் கட்டியிருக்காங்களே, அந்த ஊர்ல இருந்து நீங்க எந்தக் கல்லை எடுக்க முடியும்? எல்லாம் மேற்க இருந்து இழுத்துட்டு வந்ததாத்தான் இருக்கணும். கல்லே இல்லாத ஊர்க்காரனுக்கு பெரம்பலூர் பக்கம் கல்யாணம் ஆச்சு, மாமியார் வீட்டுக்குப் போற வர்ற வழியில பாத்தது, மச்சினனோட பைக்ல சுத்தினது, அதுக்கப்புறம் ஜியாலஜி பேப்பருங்களைத் தேடித்தேடிப் படிச்சது, இதெல்லாம் சேந்துதான் இந்தப் பதிவு. நான் ஜியாலஜிஸ்ட் கிடையாது, சும்மா ஒரு கிறுக்கு.

விஷயம் என்னன்னா நம்ம டெல்டா இருக்கறது ஒரு பிளவுப் படுகை மேல. காவிரிப் படுகைன்னு எண்ணெய்க்காரங்க சொல்ற படுகையும் காவிரி ஆறும் ஒண்ணு இல்ல, இது முக்கியம். ஆறு நேத்து வந்த ஆளு. படுகைக்கு வயசு ஏறக்குறைய 15 கோடி வருஷம். அப்ப இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானாங்கற ஒரே நிலமா ஒட்டிக் கிடந்துச்சு. அது பிரிய ஆரம்பிச்சப்ப நம்ம கிழக்குக் கரை நெடுக நிலம் இழுபட்டுச்சு. நிலத்தோட அடிப்பக்கம் சூடா இருக்கறதால அது மெதுவா நீண்டு மெலிஞ்சு கொடுக்கும், மேல்பக்கம் குளுந்து இறுகிப்போன பாறை, அதுக்கு நீளத் தெரியாது, உடையத்தான் தெரியும். அதனால வடகிழக்குல இருந்து தென்மேற்கா நீள நீளமா வெடிச்சு, ஒரு துண்டு சரிஞ்சு எறங்கிருச்சு, பக்கத்துத் துண்டு அப்படியே நின்னுச்சு, அதுக்கு அடுத்தது மறுபடி எறங்கிருச்சு. எறங்கினது எல்லாம் பள்ளம், நின்னது எல்லாம் திட்டு. இந்தப் பள்ளத்துக்குள்ள தான் அதுக்கப்புறம் வந்த மண்ணு எல்லாம் போய் நிறைஞ்சிருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல விழுந்த பிளவு பாதியில நின்னு போனது. அண்டார்டிகா பக்கம் விழுந்த பிளவு ஜெயிச்சிருச்சு, அது கடலாகி, சமுத்திரமாகி, அண்டார்டிகா தெற்கயே தங்கிருச்சு, இந்தியா வடக்க நகந்து வந்துருச்சு. இந்தப் பக்கம் விழுந்தது கொஞ்ச தூரம் திறந்து, மெலிஞ்சு, எறங்கி, அப்புறம் சோந்து போச்சு. அதனாலதான் இலங்கை இன்னிக்கும் இந்தியாவோட ஒரே நிலத்தட்டுல இருக்கு, நடுவுல இருக்கற பாக் நீரிணையும் இவ்வளவு ஆழம் குறைவா இருக்கு. தெற்க மன்னார் பக்கம் போகப்போக பிளவு இன்னும் கொஞ்சம் நல்லா திறந்திருக்கு, கடலும் ஆழம். அந்த மன்னார் படுகையில இலங்கைப் பக்கம் 2011ல தோண்டிப் பாத்து இயற்கை எரிவாயு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, டொராடோ, பாரகுடான்னு ரெண்டு இடத்துக்கும் மீன் பேரு. நம்ம பக்கத்துப் படுகையும் அவங்க பக்கத்துப் படுகையும் ஒரே விரிசலோட ரெண்டு பாகம், நடுவுல கோடு போட்டது ரொம்ப ரொம்பப் பின்னாடி.

சரி, இதெல்லாம் எப்படித் தெரியும்? டெல்டாவுல நின்னுட்டு இதுல ஒண்ணைக்கூட கண்ணால பாக்க முடியாது. எல்லாம் வண்டலுக்கு அடியில. ஓஎன்ஜிசிகாரங்க அதிர்வு விட்டு, எதிரொலியைப் பதிஞ்சு, போர் போட்டுத்தான் பாக்கறாங்க. சாதாரண மனுஷன் நல்லா பாக்கணும்னா படுகையோட மேற்கு விளிம்புக்குத்தான் போகணும். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மூணு மாவட்டமும் சந்திக்கற பகுதி. அங்க விளிம்பு கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது, அடுக்கு எல்லாம் கிழக்க பாத்து லேசா சரிஞ்சிருக்கு. அதனால மேற்க இருந்து கிழக்க போகப்போக காலம் இப்பக்கமா நகந்துட்டே வரும். சென்னை ஹைவேயில பாடாலூர் பக்கம் கிழக்க திரும்பி குளக்காநத்தம் வழியா அரியலூர் போயிட்டீங்கன்னா மதியச் சாப்பாட்டுக்குள்ள நாலஞ்சு கோடி வருஷத்தைக் கடந்துருவீங்க, ரோடு மோசமா இருந்தாலும்.

இதை முதல்ல ஒழுங்காப் பாத்து எழுதினவர் எச்.எஃப். பிளான்ஃபோர்டு, அப்ப புதுசா இருந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காரர். அதுக்கு முன்னாடியே 1840கள்ல கே, கன்லிஃப்னு ரெண்டு பேரு புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கத்துல இருந்து கிளிஞ்சல் கல்லை எல்லாம் மூட்டை கட்டி லண்டனுக்கு அனுப்பியிருக்காங்க, அங்க ஃபோர்ப்ஸ்னு ஒருத்தர் 1846ல அதை விவரிச்சிருக்காரு. ஆனா ஊர் ஊரா நடந்து மேப் போட்டது பிளான்ஃபோர்டு. 1862ல வந்த அவரோட அறிக்கையில இந்தப் பாறையை மூணாப் பிரிச்சாரு, அடியில ஊட்டத்தூர், நடுவுல திருச்சிராப்பள்ளி, மேல அரியலூர். அந்தப் பேரு இன்னிக்கும் நிக்குது. ஊட்டத்தூர்ங்கறது பாடாலூர் பக்கத்துல பழைய சிவன் கோயில் இருக்கற ஊரு, கோயிலுக்கு வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு உலகத்து ஜியாலஜிஸ்ட் பூரா இந்த ஊர்ப் பேரைத் தப்புத்தப்பா உச்சரிக்கறான்னு தெரியும்! பிளான்ஃபோர்டு சேத்த ஃபாசில்ல, அதாவது கல்லாகிப் போன பழைய உயிருங்கள்ல, பெரும்பாலானதை ஸ்டொலிஸ்கான்னு ஒரு மொராவியாக்காரர் உக்காந்து ஒண்ணொண்ணா பேரு வெச்சு விவரிச்சாரு. மனுஷன் 1874ல யார்க்கண்ட் போயிட்டுத் திரும்பற வழியில லடாக்ல செத்துப் போயிட்டாரு, லேயிலதான் சமாதி. திருச்சி ஜில்லா கிளிஞ்சலுக்குப் பேரு வெச்ச ஆளு இமயமலையில தூங்கறாரு.

விளிம்புல முதல்ல வர்றது தெரணி. அங்க வெள்ளைக் களிமண் குழி இருக்கு, செராமிக் வேலைக்கு வெட்டி எடுக்கறாங்க. அந்தக் களிமண்ணை அடுக்கு அடுக்கா பிரிச்சா உள்ள இலை. சீப்புப் பல்லு வெச்ச மாதிரி ரெண்டு பக்கமும் சின்னச்சின்ன இலை வரிசை, செடிக்குப் பேரு Ptilophyllum, டைலோஃபில்லம்னு படிக்கணும். பூக்கிற செடியெல்லாம் ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஜாதி. கடல் இன்னும் வரல, பள்ளம் மட்டும் எறங்கிட்டு இருக்கு, அதுல ஆறும் ஏரியும், கரையில இந்தச் செடி. இலங்கையில புத்தளம் பக்கத்துல தப்போவன்னு ஒரு இடம், அங்கயும் இதே மாதிரி சின்னப் பள்ளத்துல பழைய அடுக்கு, அதுலயும் இதே கூட்டத்துச் செடிங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா பிளவு விழறப்ப ரெண்டு கரையிலயும் ஒரே காடுதான் இருந்திருக்குன்னு தனியா யாரும் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்து காரை. நம்ம ஊர்ல இப்படி ஒரு இடமான்னு தோணும். பயிர் பச்சை ஒண்ணும் இல்லாம, மழைத் தண்ணி அரிச்சு அரிச்சு நூத்துக்கணக்கான ஓடையா கிழிஞ்சு கிடக்கற மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் மேடு. சித்திரை வெயில்ல மச்சினனோட உள்ள எறங்கினேன். செருப்புக்கு அடியில களிமண் பொருபொருன்னு உதிருது, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சறுக்குது. ஓடையோட பக்கச்சுவர்ல விரல் தடிமன்ல ஜிப்சம் கோடு கோடா ஓடுது, குறுக்கும் நெடுக்குமா, உடைஞ்சு விழுந்த தகடு எல்லாம் கீழ பரவி வெயில்ல கண்ணு கூசுது. ஒரு தகட்டை எடுத்து நகத்தால கீறினா கோடு விழும், அவ்வளவு மெத்து. இந்த ஜிப்சம் அந்தக் கடல்ல நேரா படிஞ்சது இல்லையாம், களிமண்ணுல இருந்த உப்பும் இரும்பு கந்தகமும் பின்னாடி தண்ணி பட்டுக் கரைஞ்சு விரிசலுக்குள்ள போய் இறுகினது.

"மாமா, இது என்ன பாருங்க"ன்னு மச்சினன் ஒண்ணை நீட்டினான். விரல் நீளம், தேன் கலரு, ஒரு முனை கூரு. பெலம்னைட். கணவாய் மீனுக்குப் பங்காளி முறை ஒரு உயிர், அதோட உடம்புக்குள்ள இருந்த ஓடு இது. உடைஞ்ச பக்கத்தைத் திருப்பிப் பாத்தா நடுவுல இருந்து ஓரத்துக்குக் கோடு கோடா விரியுது, கால்சைட்ங்கற சுண்ணாம்புப் படிகம் வளந்த விதம். அதே எடத்துல சுண்டுவிரல் நகம் அளவுல சுருள் சுருளா கிடந்ததெல்லாம் ஒரு வகைப் புழு கட்டின சுண்ணாம்புக் குழாய், அள்ளினா கை நிறைய வரும். அம்மோனைட், அதாவது கணவாய்க்கு இன்னொரு பங்காளியோட சுருள் ஓடு, வேணும்னா கொஞ்சம் தேடணும், பெருசு எல்லாம் எப்பவோ யார் யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு பெரியவர் மேட்டுல இருந்தே, "காலேஜ் பசங்களா? வாத்தியாரு வரலயா?"ன்னு கேட்டாரு. எனக்கு நாப்பது தாண்டிருச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும், சந்தோஷமா தலையாட்டிட்டேன். "வருஷா வருஷம் பஸ்ல வந்து பொறுக்கிட்டுப் போறாங்க, தின்னவா முடியும் இதை"ன்னாரு.

இந்தக் களிமண் சொல்ற கதை என்னன்னா, பிளவு நின்னு போச்சு, ஆனா எறக்கம் நிக்கல. இழுபட்டு மெலிஞ்ச நிலம் அடியில சூடா இருந்துச்சு, இழுக்கறது நின்னதும் அது மெல்ல ஆறுது, ஆறஆற அடர்த்தி கூடி எறங்குது. அது எறங்கற அதே காலத்துல உலகம் பூரா கடல் மட்டம் ஏறிட்டு இருந்துச்சு, துருவத்துல பனிக்கட்டி அவ்வளவா இல்லாத சூடான காலம் அது. ரெண்டும் சேந்து கடல் பெரம்பலூர் வரைக்கும் வந்துருச்சு. கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, அலை அடிக்காத கலங்கின தண்ணியில, கோடிக்கணக்கான வருஷம் படிஞ்ச சேறுதான் காரை. இன்னிக்கு அந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி சில எடத்துல வாயில வெக்க முடியாம சப்பையும் உப்புமா இருக்கறதுக்கு இந்தச் சேத்துக்கும் பங்கு இருக்கு.

கடல் முதல்ல வந்தப்ப கரையை ஒட்டிப் பவளத்திட்டும் வளந்துச்சு, அதைப் பாக்கணும்னா கல்லக்குடி போகணும். ஆமா, அந்தக் கல்லக்குடிதான். 1939ல சிமென்ட் ஆலை வந்து டால்மியாபுரம்னு பேரு மாறி, 1953ல கருணாநிதி தண்டவாளத்துல படுத்த கதை தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆலை ஏன் அங்க வந்துச்சுன்னா அந்தப் பவளத்திட்டு சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான். இப்ப ஸ்டேஷன் போர்டுல கல்லக்குடி வந்துருச்சு, ஆனா ஜியாலஜிக்காரங்க அந்தப் பாறை அடுக்குக்கு டால்மியாபுரம் ஃபார்மேஷன்னு பேரு வெச்சதை யாரும் மாத்தல, இன்னிக்கும் வெளிநாட்டுப் பத்திரிகையில அப்படித்தான் வருது. தண்டவாளத்துல படுக்கற அளவுக்கு அந்த விஷயம் யாருக்கும் போய்ச் சேரல போல. அந்தப் பக்கத்துல அடுக்கோட அடித்தளத்துல பாத்தீங்கன்னா சுண்ணாம்புக்கு நடுவுல பெரிய பெரிய உருண்டைக்கல்லு செருகி இருக்கும், அது கடல் சமாச்சாரமே இல்ல, பழம்பாறை. விளிம்பு உடைஞ்சு சரிவுல உருண்டு விழுந்த துண்டுங்க. பிளவை கண்ணால பாத்ததுக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியல.

அதுக்கு மேல திருச்சிராப்பள்ளி அடுக்கு. காரைச் சேத்துக்கு மேல திடீர்னு முரட்டு மணலும் கூழாங்கல்லும் வருது, அப்படின்னா விளிம்பு மறுபடி தூக்கியிருக்கு, கரை பக்கத்துல வந்திருக்கு. கருடமங்கலத்துல கிளிஞ்சலும் நத்தையும் நெருக்கி அடிச்சு இறுகின சுண்ணாம்புக்கல்லு இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துல இதை மெருகு போட்டு திருச்சினாப்பள்ளி மார்பிள்னு பெட்டியும் மேசைப்பலகையும் பண்ணியிருக்கான். சாத்தனூர்ல கல்லான மரம். 18 மீட்டர் நீளம், 1940ல எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னாரு, இப்ப கம்பி வேலி போட்டு தேசிய புவியியல் சின்னம்னு போர்டு வெச்சிருக்காங்க. கூட்டிட்டுப் போனா எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, மரம் எப்படிக் கல்லாச்சுன்னு. எனக்கு அதைவிட அது அங்க எப்படி வந்துச்சுங்கறதுதான் பெருசா படுது. அது நின்ன எடத்துல விழுந்த மரம் இல்ல, ஆத்துல அடிச்சுட்டு வந்து கடல்ல மிதந்து முழுகின மரம், சுத்தி இருக்கற பாறையில பூரா கடல் உயிருங்க.

அரியலூர் அடுக்குக்கு வந்தா கணக்கு மாறுது, இங்கதான் பணம். கல்லங்குறிச்சி பக்கம் சுண்ணாம்புக்கல்லு, சிப்பி மேல சிப்பி, கையளவு தடிச்ச ஓடுங்க அடுக்கி வெச்சாப்ல. இந்தச் சிப்பியைத்தான் நாம வீடா கட்டிட்டு இருக்கோம். அரசு சிமென்ட் ஆலை, தனியார் ஆலைங்கன்னு ஒரு சின்ன மாவட்டத்துல இத்தனை சிம்னி எதுக்குன்னு கேட்டா, 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆழமில்லாத கடல்ல மண்ணு கலக்காம சிப்பி மட்டும் செழிச்சதுதான் காரணம். மேல இருக்கற கரிசலும் இந்தக் களியும் சுண்ணாம்பும் மக்கினதுதான், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் அதுல வருது. எங்க மாமனார் வீட்டுக் கரிசல்ல மழை பேஞ்ச அன்னிக்கு எறங்கிப் பாருங்க, செருப்பு ஒண்ணு மூணு கிலோ ஆயிரும்.

கல்லமேட்டுல கடல் பின்வாங்கி ஆத்து மணல் வந்துருது, டைனோசர் எலும்பு கிடைச்சது அங்கதான். 1980கள்ல புருஹத்காயோசாரஸ்னு ஒண்ணைச் சொன்னாங்க, அதோட முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பே 2 மீட்டர் நீளம்னு அளவு குடுத்தாங்க. நிஜம்னா உலகத்துலயே பெரிய டைனோசர்கள்ல ஒண்ணு. ஆனா எலும்பு ஏற்கனவே நொறுங்கற நிலைமையில இருந்திருக்கு, மழை ஈரத்துல ஊறி உதிந்தே போச்சு, இப்ப மிச்சம் படமும் அளவும் மட்டும். அதனால விவாதம் முடியவே முடியாது. இதுக்கு நேர் எதிரா, டைனோசர் முட்டைன்னா மட்டும் நம்மாளுங்களுக்கு ஆதாரமே வேணாம். 2020ல குன்னம் பக்கம் உருண்டை உருண்டையா கிடைச்சதை டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல ஊரே சுத்த விட்டுச்சு, எனக்கே மூணு குரூப்ல வந்துச்சு. அப்புறம் தெரிஞ்சவங்க போய்ப் பாத்தா அம்மோனைட்டைச் சுத்தி இறுகின உருண்டைக்கல்லு. முட்டை இல்லன்னு கேட்டதும் எல்லாருக்கும் ஏமாத்தம். நேபாளத்துல கண்டகி ஆத்துல கிடைக்கற சாளக்கிராமமும் அம்மோனைட்தான், அதைப் பூஜையில வெச்சுக் கும்பிடறோம், நம்ம ஊர் அம்மோனைட்டை முட்டையா இல்லைங்கறதுக்காகத் தூக்கிப் போடறோம்.

அதுக்கும் கிழக்க நின்னியூர். கடல் மறுபடி எட்டிப் பாத்த காலம், அம்மோனைட்டும் இல்ல, டைனோசரும் இல்ல. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த பேரழிவுக்கு அந்தப் பக்கம் வந்துட்டோம். அதுக்கப்புறம் கடலூர் மணற்கல்லு, செம்மண்ணு, முந்திரிக்காடு, எல்லாம் மூடிக்குது. ஜன்னல் சாத்தியாச்சு.

இதுக்கு மேல டெல்டா. இங்க இருந்து போர்க்குழாய் வழியாத்தான் பாக்கணும். இந்தப் படுகையில நிலத்து மேல இருக்கறது மட்டும் 25,000 சதுர கிலோமீட்டர் சொல்றாங்க, கடலுக்குள்ள அதைவிடப் பெருசு. உள்ள இருக்கற அடுக்குக்கு எல்லாம் எண்ணெய்க்காரங்க நம்ம ஊர்ப் பேரையே வெச்சிருக்காங்க. ஆண்டிமடம், புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், திருப்பூண்டி, நிரவி. படிக்கறப்ப டவுன் பஸ் கண்டக்டர் கத்தற மாதிரி இருக்கு. ஆண்டிமடம்தான் அடியில, பிளவு விழறப்பவே பள்ளத்துல போய் விழுந்த மணலும் சேறும். எண்ணெயும் எரிவாயுவும் பொறந்ததுல பெரும்பங்கு இந்த அடி அடுக்குல மக்கிப்போன உயிர் மிச்சத்துல இருந்துதான்.

தரை எப்படி உடைஞ்சிருக்குன்னா, கும்பகோணத்துல இருந்து மாதானம், பரங்கிப்பேட்டை வரைக்கும் ஒரு திட்டு ஓடுது. பட்டுக்கோட்டைக்கும் மன்னார்குடிக்கும் அடியில இன்னொண்ணு. காரைக்கால்கிட்ட ஒண்ணு. இதுக்கு நடுவுல அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தெற்க ராமநாதபுரம்–பாக் விரிகுடா. மகாமகக் குளத்துல முழுக்குப் போடறவங்க ஒரு மலைத்தொடருக்கு மேல முழுக்குப் போடறாங்கன்னு சொன்னா எங்க பெரியம்மா சிரிக்கறாங்க. "கும்பகோணத்துல ஏதுடா மலை, சாமிமலைகூட கட்டினதுதானே?"ன்னாங்க. அது சரிதான், சுவாமிமலைகூட கட்டுமலைதான்! ஆனா இந்தப் புதைஞ்ச மேட்டோட ஓரத்துலதான் எண்ணெய் தங்குது, ஏன்னா பள்ளத்துல பொறக்கற எண்ணெய் தண்ணியைவிட லேசு, மேல மேல ஏறிட்டே வரும், எங்க மூடி போட்ட மாதிரி இறுகின களி இருக்கோ அங்க நிக்கும். மாதானம் பக்கம் ஒருபடி மேல போய் பழம்பாறையோட விரிசலுக்குள்ளயே போய் உக்காந்திருந்துச்சு. அதாவது திருச்சியில பிள்ளையாருக்கு அடியில இருக்கற வகைப் பாறையில எண்ணெய்.

1960கள்ல காரைக்கால்ல தோண்ட ஆரம்பிச்சாங்க, 80கள்ல நரிமணம் வந்துச்சு, 1993ல நாகப்பட்டினம் பக்கம் சின்னதா ஒரு சுத்திகரிப்பு ஆலை. அதுக்கப்புறம் நடந்த அரசியல் உங்களுக்கே தெரியும். 2017ல நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டம், அப்புறம் 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். நான் டெல்டாக்காரன், எனக்கு இதுல நடுநிலை எல்லாம் இல்ல, வயலுக்கு நடுவுல ரிக் வர்றதை விரும்பல. ஆனா ரெண்டு தரப்பும் பேசறதைக் கேட்டா அடியில ஏதோ எண்ணெய்க் குளம் இருக்கற மாதிரி, அதை உறிஞ்சினா மேல இருக்கறது பொத்துனு உள்ள போயிரும்ங்கற மாதிரி பேசறாங்க. குளம் எல்லாம் கிடையாது. மணற்கல்லோட கண்ணுக்குத் தெரியாத சந்துல நனைஞ்சு கிடக்கு. கவலைப்பட வேண்டிய விஷயம் வேற, அந்தக் குழாய் எண்ணெய் வரைக்கும் போற வழியில நாம குடிக்கற நன்னீர் அடுக்கு எல்லாத்தையும் குத்திக்கிட்டுத்தான் போகுது, சுத்தி போடற சிமென்டும் உறையும் எத்தனை வருஷம் தாங்கும், கைவிட்ட கிணத்தை யாரு வந்து பாப்பாங்க. அதைக் கேக்கணும்னா அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சு கேக்கணும்.

நெய்வேலியில இந்தத் தண்ணி விஷயம் இன்னும் பச்சையா தெரியும். ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டறப்ப கறுப்பா வந்ததுல ஆரம்பிச்ச கதை, 1956ல கம்பெனி ஆச்சு. பழுப்பு நிலக்கரிக்கு அடியில இருக்கற மணல் அடுக்குல தண்ணி அழுத்தத்தோட நிக்குது, அதை ராத்திரி பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைச்சாத்தான் சுரங்கத்தோட அடி பொங்காம இருக்கும். ஒரு நிலக்கரிக்காக எத்தனை தண்ணி! ஜெயங்கொண்டத்துலயும் நிலக்கரி இருக்குன்னு நிலத்தை எல்லாம் எடுத்து, வருஷக்கணக்கா ஒண்ணும் நடக்காம, கடைசியில திருப்பிக் குடுக்கறோம்னு வந்து நின்னுச்சு. அந்தக் கோவத்தை அங்க இருக்கறவங்க எழுதினா நல்லா இருக்கும்.

எனக்கு உறுத்தறது மேற்கு விளிம்புதான். டெல்டா மொத்தத்துக்கும் அடியில கிடக்கற கதையைத் திறந்து பாக்கறதுக்கு இருக்கறது அந்தச் சின்னத் துண்டு நிலம், அதைத்தான் டன் கணக்குல எடை போட்டு வித்துட்டு இருக்கோம். இதுல சிக்கல் என்னன்னா, குவாரி இல்லன்னா பாதி விஷயம் தெரிஞ்சே இருக்காது. கல்லக்குடி பவளத்திட்டை வெட்டினதாலதான் அதோட உள்பக்கம் தெரிஞ்சுச்சு, சிப்பி அடுக்கோட முழு உசரத்தையும் குவாரிச் சுவத்துலதான் பாக்க முடியும். காமிக்கறதும் அதுதான், திங்கறதும் அதுதான். அதனால குவாரியே வேணாம்னு நான் கத்தப் போறதில்ல, சிமென்ட் வீட்டுல உக்காந்துட்டு அப்படிக் கத்தறது அழகும் இல்ல. ஆனா லீஸ் முடிஞ்ச குழியை மண்ணு போட்டு மூடறதுக்கோ தண்ணி நிக்க விடறதுக்கோ முன்னாடி, ஒவ்வொரு முக்கியமான அடுக்குலயும் ஒரு சுவரை, ஒரு அம்பது மீட்டர் நீளத்துக்காவது, வெட்டாம, மூடாம அப்படியே விட்டுட்டு போர்டு வெக்கலாமே? சாத்தனூர் மரத்துக்கு வேலி போடத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு இது பெரிய செலவு இல்ல. காரைக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்னு ரொம்ப வருஷமாவே ஜியாலஜிக்காரங்க சொல்லிட்டு இருக்காங்க.

போய்ப் பாக்கணும்னு தோணினா மாசி, பங்குனியில போங்க, ஐப்பசி கார்த்திகையில காரைக்குள்ள எறங்கினா வழுக்கி விழுந்து எந்திரிக்கறதுலயே பொழுது போயிரும். முதல்ல அரியலூர் பக்கத்துல வாரணவாசியில இருக்கற புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாத்துட்டுப் போனா எதைத் தேடறோம்னு கண்ணுக்குப் பழகும். ஓடைச்சுவரைச் சுத்தியால தட்டாதீங்க, உதிந்து கிடக்கறதைப் பாத்தாலே போதும். குவாரிக்குள்ள போகணும்னா கேட்ல கேட்டுட்டுப் போங்க, மதியம் வெடி வெக்கற நேரம் எதுன்னும் சேத்துக் கேளுங்க. அரியலூர் ரோட்டுல சிமென்ட் லாரிக்கு வழி விட்டுட்டு ஓரமாவே போங்க, அவனுங்க நிக்க மாட்டானுங்க.